எட்டுத் தசம் நாலு

கடற்கரைச்சேனை முன்பள்ளி. வியாழக்கிழமை.
பிளாஸ்டிக் கதிரை ஆறு, பெண்கள் பத்தொன்பது.
என் கையில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி.
விரல் நுனியில் ஒரு குத்து,
ஒரு சொட்டு,
பிடித்த மூச்சை விடுவதற்குள் இலக்கம் வந்துவிடும்.

சுதாநிதிக்கு எட்டுத் தசம் நாலு.
வயிற்றில் ஆறு மாதம்.
"பாஸா பெயிலா மிஸ்?" என்றாள்.
எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.
சிரிப்பு முடிய அவளின் கீழிமையை இழுத்துப் பார்த்தேன்.
அவித்துக் கழுவிய மட்டிச் சதைபோல
வெளிறிக் கிடந்தது உள்ளே.

கருவி பொய் சொல்லவில்லை.
அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
விடிய நாலரைக்கு அவள் புருஷனின் வள்ளம்
சூடையோடு கரை தட்டுமுன்னே
ஐஸ் பெட்டி லொறி வந்து நிற்பதும்,
கொட்டியாரக் குடாவின் மீன் தம்புள்ளைக்குப் போக
இவள் கடையில் சோயா வாங்கி வந்து
மாமனுக்கும் பிள்ளைக்கும் அவனுக்கும் போட்டபின்
சட்டியைத் தன் சோற்றால் துடைத்துத் தின்பதும்
எந்தத் திரையிலும் விழாது.

குளிசை கொடுத்தேன்.
போன மாதமும் கொடுத்தேன்.
அது வாழையடியில் கிடக்குது என்று
அவளின் மூத்தவன் சொல்லிப்போட்டான்.
வயிறு இறுகுது மிஸ், வாயெல்லாம் இரும்பு மணம்.
குடித்த நாளிலும் தேத்தண்ணியோடு குடித்தாளாம்.

புதிதாக ஒரு ஏற்பாடு வந்தது அப்போதுதான்.
இரவு ஏழரைக்குக் குறுஞ்செய்தி போகும்:
*இன்றைய குளிசையை எடுத்துவிட்டீர்களா?*
மூதூர் அலுவலகத்தில் ஹஸ்மியா
பத்தொன்பது இலக்கங்களையும் பதிந்து தந்தாள்.
ஒருவரும் யோசிக்கவில்லை,
அந்த வீட்டில் இருப்பது ஒரேயொரு போன்,
ஏழரைக்கு அது கடலில்.

வெளிச்சவீட்டுக்கு அப்பால்
வலை இறக்கிவிட்டுக் குந்தியிருந்த பிரதாபனிடம்
அரசாங்கம் ஒவ்வொரு இரவும் கேட்டது
குளிசை எடுத்தாயா என்று.
முதல் நாள் அழித்தான்.
மூன்றாம் நாள் பக்கத்து வள்ளத்துக்கும் வந்தது.
இரண்டு பேரும் தண்ணிக்கு மேலால்
கூவிச் சிரித்துக்கொண்டார்களாம்.
ஒன்பதாம் நாள்
செய்தியின் அடியில் இருந்த இணைப்பை அமத்தினான்.
அவள் பெயர். அவள் இலக்கம். பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.

என்ன நினைத்தான் என்று எனக்குத் தெரியாது.
சொல்லுகிற ஆளும் இல்லை அவன்.
அடுத்த வியாழன் முன்பள்ளிப் படியில்
ஈரச் சாக்கு மூடிய கூடை ஒன்று.
தலையோடு சூடை, நாலு கிலோ வரும்.
லொறிக்காரன் சத்தம் போட்டானாம்,
நிறை குறையுதென்று.

பிறகு நடந்தது கூட்டமல்ல, சண்டை.
கொறுக்காய் போட்டு முள்ளும் கரைய அவிப்பதா,
பொரிப்பதா,
முருங்கையிலை வறைக்குத் தேங்காய் யார் வீட்டது,
தேசிக்காயை எப்போது பிழிவது.
நான் வாய் திறக்கவில்லை.
படித்து வைத்திருந்த சத்துணவுப் பாடம்
பைக்குள்ளேயே இருந்தது.
ஒரு விதி மட்டும் போட்டார்கள், அதுவும் அவர்களே:
இங்கே வயிற்றுப்பிள்ளைக்காரிதான் முதலில் சாப்பிடுவாள்.
சுதாநிதிக்கு முதல்முதல் சாப்பிடத் தெரியவில்லை.
கோப்பையை வைத்துக்கொண்டு
மற்றவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இன்று ஒன்பது தசம் ஒன்பது.
பதினொன்றுக்கு இன்னும் தூரம்.
கூடை வராத கிழமைகளும் உண்டு,
கச்சான் அடித்தால் வள்ளமே இறங்காது.
போன முறை பச்சையில் நின்ற லோகேஸ்வரி
இந்த முறை செம்மஞ்சளுக்குச் சரிந்திருக்கிறாள்.
ஏன் என்று கேட்டால் நிலத்தைப் பார்க்கிறாள்.
கருவியின் பற்றரி முடிந்துவிட்டது.

கதிரையைக் கிட்ட இழுத்து
வெளிச்சத்தின் பக்கம் அவள் முகத்தைத் திருப்புகிறேன்.
மேலே பார் பிள்ளை,
கண்ணைச் சிமிட்டாதே.